கப்பல் தலைவர் கரிபால்டி: அவர் விட்டுச்சென்ற தாள்களும் பொருள்களும்

கேள்வி: இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டி, தளபதியாகப் போரிட்ட பிறகு சில ஆண்டுகள் சரக்குக் கப்பல் ஓட்டிப் பிழைத்தார் என்று படித்தேன். அந்தக் காலத்தைச் சேர்ந்த கடிதங்களோ நினைவுப் பொருள்களோ மிஞ்சியிருக்கின்றனவா? அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்?

மிஞ்சியிருக்கின்றன. ஆனால் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் முண்டியடித்துப் பார்க்கிற சிவப்புச் சட்டையோ குண்டு துளைத்த காலணியோ உங்கள் கேள்விக்குப் பதில் தராது. அவை 1860களின் கரிபால்டியை, உலகமே கொண்டாடிய கரிபால்டியைக் காட்டுபவை. நீங்கள் கேட்பது 1850 முதல் 1854 வரையிலான நான்கு ஆண்டுகளை. வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் சில பக்கங்களில் தாண்டிப் போகும் காலம் அது. என்னைப் பொறுத்தவரை அந்த மனிதரை அருகில் பார்க்க அதைவிட நல்ல காலம் வேறில்லை. அந்த ஆண்டுகளுக்குச் சாட்சியாக இருப்பவை சில கடிதங்கள், ஒரு கையெழுத்துப் பிரதி, ஒரு வாள், ஒரு தொலைநோக்கி.

முதலில் ஒரு திருத்தம். அவர் போர்வீரராகப் பிறந்து கடலுக்குப் போனவர் அல்ல. கடலில் பிறந்து போருக்குப் போய், மறுபடி கடலுக்குத் திரும்பியவர். 1807இல் நீஸ் நகரில் ஒரு மாலுமிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை தொமேனிகோவுக்குச் சொந்தமாக ‘சாந்தா ரெபராத்தா’ என்ற சிறிய சரக்குப் படகு இருந்தது. 1824இல் ‘கோஸ்தான்சா’ என்ற கப்பலில் ஏறிக் கருங்கடலின் ஒதேசாத் துறைமுகம் வரை போனதுதான் மகனின் முதல் நெடும்பயணம். 1832இல் இரண்டாம் நிலைக் கப்பல் தலைவர் என்ற தகுதிச் சான்றிதழ் பெற்றார். அவர் வாழ்க்கைத் தாள்கள் எல்லாவற்றிலும் இந்த ஒன்றைத்தான் நான் முதலில் வைப்பேன். பிற்காலத்தில் எந்த அரசும் அவரைச் சேர்த்துக்கொள்ளாதபோது, சோறு போட்டது அந்தத் தொழில்தான்.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் ஒற்றுமைக்காகப் போராடிய மாஜினியின் இயக்கத்தில் சேர்ந்து, ஜெனோவாவில் கிளர்ச்சிக்கு முயன்று, 1834இல் மரண தண்டனை விதிக்கப்பட்டுத் தப்பினார். (பாரதியார் பாடிய அதே மாஜினிதான்.) பிரேசிலின் தென்கோடியில் ரியோ கிராண்டே குடியரசுக்காகவும், பிறகு உருகுவேயின் மோன்தேவிதேயோவுக்காகவும் கடலிலும் தரையிலும் போரிட்டார். 1848இல் இத்தாலி திரும்பினார். 1849இல் ரோமக் குடியரசைக் காக்கப் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்று, தோற்று, பின்வாங்கும் வழியில் ஆகஸ்ட் 4ஆம் நாள் ராவென்னாவுக்கு அருகில் மனைவி அனிதாவைப் பறிகொடுத்தார். பிள்ளைகள் மூவரையும் பிறர் பொறுப்பில் விட்டுவிட்டு நாடு கடந்தார். நாற்பத்திரண்டு வயது. கையில் பணம் இல்லை. தங்க நாடு இல்லை. நீங்கள் கேட்கும் கதை இங்கேதான் தொடங்குகிறது.

மொராக்கோவின் தாஞ்சியரில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது அவர் தன் நினைவுக் குறிப்புகளை எழுதத் தொடங்கினார். 1850 ஜூலை இறுதியில் நியூயார்க்கில் போய் இறங்கினார். கீல்வாதம் முற்றி, நடக்க முடியாமல், சரக்கு இறக்குவதுபோலத் தன்னை இறக்கினார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அங்கே தியோடோர் டுவைட் என்ற எழுத்தாளரிடம் அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். டுவைட் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1859இல் வெளியிட்டார்.

இந்த நினைவுக் குறிப்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இது ஒரே நூல் அல்ல. டுவைட் பதிப்பு ஒன்று. 1860இல் பாரிஸில் அலெக்சாந்தர் தூமா வெளியிட்டது இன்னொன்று. நாவலாசிரியரின் கை அதில் தாராளமாகவே விளையாடியிருக்கிறது. 1861இல் ஜெர்மன் மொழியில் வந்தது மூன்றாவது. 1872இல் கரிபால்டியே எல்லாவற்றையும் திருத்தி எழுதி முடித்தார். அது அவர் இறந்த பிறகு 1888இல்தான் அச்சேறியது. ‘கரிபால்டியே எழுதியிருக்கிறார்’ என்று யாராவது மேற்கோள் காட்டினால், எந்தப் பதிப்பில் என்று கேளுங்கள். தூமாவில் மட்டும் இருப்பதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. 1872 பிரதியில் இருப்பதைக்கூட, இருபது ஆண்டு கழித்து அரசியல் கசப்புகளோடு திரும்பிப் பார்த்து எழுதியது என்ற நினைவோடுதான் படிக்கிறேன்.

அப்படிப் படித்தாலும் நம்பாமல் இருக்க முடியாத இடங்கள் உண்டு. ஒன்றைச் சொல்கிறேன். நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவில் அந்தோனியோ மெயூச்சி என்ற இத்தாலியரின் வீட்டில் தங்கி, அவருடைய மெழுகுவர்த்தித் தொழிற்சாலையில் வேலை செய்தார் கரிபால்டி. (பின்னாளில் தொலைபேசிக் கண்டுபிடிப்புச் சர்ச்சையில் பெயர் அடிபட்ட அதே மெயூச்சி.) கொழுப்புப் பீப்பாய் சுமக்கும் வேலையில் மனம் ஒட்டவில்லை. ஒரு நாள் கரையில் நின்ற கப்பல்களைத் தேடிப் போய், சாதாரண மாலுமியாகச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார். யாரும் பொருட்படுத்தவில்லை. அடுத்து, பீப்பாய் இறக்கிக்கொண்டிருந்த ஒரு சிறு கப்பலுக்குப் போய்க் கை கொடுக்கட்டுமா என்றார். ஆள் தேவையில்லை என்றார்கள். கூலி வேண்டாம் என்றார். அதற்கும் பதில் இல்லை. குளிரை விரட்டவாவது வேலை செய்ய விடுங்கள் என்றும் கேட்டுப் பார்த்தார். ஓராண்டுக்கு முன்னால் ரோம் நகரின் மதில்களில் படை நடத்திய மனிதர் இவர். தன்னைப் பெரிதாகக் காட்ட நினைக்கிறவன் இப்படி ஒரு காட்சியைப் புனைந்து எழுத மாட்டான். அதனால்தான் இதை நம்புகிறேன்.

1851 வசந்தத்தில் மத்திய அமெரிக்கா வழியாகத் தெற்கே போனார். அப்போது பயணம் செய்த பெயர் ‘ஜூசெப்பே பானே’. 1834இல் தலைமறைவாக இருந்தபோது வைத்துக்கொண்ட பெயர் அது. வேடிக்கை பார்ப்பவர்களிடமிருந்தும் காவல் துறையிடமிருந்தும் தப்பிக்க மறுபடி எடுத்துக்கொண்டார். இந்தக் காலத்துப் பயணியர் பட்டியல்களில் கரிபால்டி என்ற பெயரை மட்டும் தேடுகிறவர்கள் ஏமாந்து போவது இதனால்தான். பனாமாவில் காய்ச்சலில் விழுந்து பிழைத்தார். பெருவின் பைத்தா துறைமுகத்தில், தென்னமெரிக்க விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவாரின் தோழியாக இருந்த மனுவேலா சாயன்சைச் சந்தித்தார். பக்கவாதத்தால் படுத்த படுக்கையாக இருந்த அந்த அம்மையாரோடு ஒரு பொழுதைக் கழித்ததை அவர் எழுதியிருக்கும் விதத்தில் இருக்கும் கனிவை, தன் போர்களைப் பற்றி எழுதும்போதுகூட நான் பார்த்ததில்லை.

லீமாவில் பியெத்ரோ தெனெக்ரி என்ற இத்தாலிய வணிகர் ‘கார்மென்’ என்ற பாய்மரக் கப்பலைக் கரிபால்டியிடம் ஒப்படைத்தார். சுமார் 400 டன் கொள்ளளவு. 1852 ஜனவரியில் கயாவோ துறைமுகத்திலிருந்து சீனாவுக்குப் புறப்பட்டார். ஏற்றிய சரக்கு குவானோ, அதாவது பெருவின் கடற்பறவைத் தீவுகளில் மலைபோல் குவிந்துகிடந்த எச்சம். அந்தக் காலத்தில் உலகமே விரும்பி வாங்கிய உரம் அது. சீனத்தில் கான்டன், அமோய், பிறகு மணிலா, மறுபடி கான்டன். திரும்பும்போது இந்தியப் பெருங்கடலின் தெற்கில் மேற்குக் காற்றைப் பிடித்து, ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் இடையே உள்ள பாஸ் நீரிணையில் திரீ ஹம்மக் தீவில் தண்ணீர் எடுத்தார். குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஒரு வீடும் தோட்டமும் அங்கே இருந்தன. ஆள் அரவமற்ற அந்தத் தீவை அவர் பின்னாளிலும் ஏக்கத்தோடு நினைத்துக்கொண்டார். சார்தீனியாவுக்கு அருகே கப்ரேரா என்ற பாறைத் தீவில் நிலம் வாங்கிக் குடியேறிய மனிதரின் மனதுக்குள் இந்தத் தீவும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கார்மென் பயணத்தில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஆவணத்தை எப்படி எடை போடுவது என்பதற்கு இரண்டுமே நல்ல பாடம்.

முதலாவது, கனவு. பசிபிக் கடலில் ஒரு இரவு, நீஸ் நகரில் ஒரு சவ ஊர்வலம் போவதாகவும், பாடையில் இருந்தது தன் தாய் என்றும் கனவு கண்டதாகக் கரிபால்டி எழுதுகிறார். தாய் ரோசா இறந்தது 1852 மார்ச் 19. கனவு கண்டதும் அதே நாள் என்கிறார். தாய் இறந்த நாள் உறுதியானது. கனவின் தேதிக்கு அவர் சொல் மட்டுமே சாட்சி, அதுவும் பின்னால் எழுதியது. துக்கச் செய்தி கேட்ட மகனின் நினைவு இரண்டு நாள்களையும் ஒன்றாக்கியிருக்கலாம். ஆனால் கடலில் கிடந்த அந்த மகன், ஊரில் விட்டுவந்த தாயை எண்ணி எவ்வளவு வெந்துகொண்டிருந்தான் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேறில்லை. அந்தப் பகுதியை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

இரண்டாவது, மிகக் கனமான கேள்வி. பெருவுக்கு அப்போது சீனக் கூலிகள் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டார்கள். குவானோத் தீவுகளில் அடிமைகளைப் போல வதைக்கப்பட்டார்கள். கரிபால்டியும் திரும்பும்போது கூலிகளை ஏற்றி வந்தாரா? ‘ஏற்றிய சீனர்களை எண்ணிக்கை குறையாமல், நல்ல உடல்நலத்தோடு கொண்டுவந்து சேர்த்தார், அவர்களை மனிதர்களாக நடத்தினார்’ என்ற பொருளில் தெனெக்ரி பாராட்டியதாக ஒரு பேச்சு உண்டு. இது முதலில் வருவது, கரிபால்டியின் நண்பர் அவுகுஸ்தோ வெக்கியின் மகன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில். அதாவது, கப்பல் உரிமையாளர் சொன்னதாக இன்னொருவர் பல ஆண்டுகள் கழித்து எழுதியது. கரிபால்டியின் நினைவுக் குறிப்புகளில் சரக்கு பற்றித்தான் பேச்சு இருக்கிறதே தவிர, பயணிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வரலாற்றாசிரியர்கள் இன்றும் இதில் ஒத்துப்போகவில்லை. புகழ்வதற்காகச் சொல்லப்பட்ட ஒரு வாசகமே பெரிய குற்றச்சாட்டாக மாறி நிற்கிறது. இந்த மாதிரி இடத்தில் பாராட்டுரையும் உதவாது, கண்டன உரையும் உதவாது. துறைமுகத்தில் எந்தத் தேதியில் எந்தக் கப்பல் எதை இறக்கியது என்று எழுத்தர் பதிந்து வைத்த பதிவேடுதான் பேச வேண்டும். கரிபால்டியை நேசிக்கிறவர்கள்தான் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அடிமைத்தனத்தை எதிர்த்தவர் என்று அவரைக் கொண்டாடுகிறோம்; அந்தக் கொண்டாட்டத்துக்கு ஆதாரம் கேட்கப்படுவதில் தவறில்லை.

1853 ஜனவரியில் லீமா திரும்பினார். அடுத்து வல்பரைசோ போய், ஹார்ன் முனையைச் சுற்றி, செம்பும் கம்பளியும் ஏற்றிக்கொண்டு செப்டம்பரில் பாஸ்டன் சேர்ந்தார். பிறகு நியூயார்க் போனபோது அங்கே உரிமையாளரிடமிருந்து குறை சொல்லி ஒரு கடிதம் வந்தது. தனக்கு அது தகாது என்று எண்ணி, கப்பல் பொறுப்பை விட்டு விலகிவிட்டார்.

அந்த நாள்களில் பாஸ்டனிலிருந்து அவர் எழுதிய ஒரு கடிதம்தான் இந்த நான்கு ஆண்டுகளின் மிக முக்கியமான தாள் என்பேன். எழுதப்பட்டது மேலே சொன்ன அவுகுஸ்தோ வெக்கிக்கு, 1853 செப்டம்பர் 19இல். தூரம் மனக்கசப்பைக் குறைக்கும் என்று நம்பினேன், அது நடக்கவில்லை; நினைவுகள் என் நாள்களைக் கசப்பாக்கிவிட்டன; ஆனாலும் நம் மண்ணின் விடுதலைக்கான தாகம் மட்டும் தீரவில்லை என்பது அதன் சாரம். நினைவுக் குறிப்புகள் வருங்காலத்துக்காக எழுதப்பட்டவை. இந்தக் கடிதம் ஒரு நண்பனுக்காக எழுதப்பட்டது. அடுத்து என்ன நடக்கும் என்று எழுதியவருக்கே தெரியாத நேரம். ஏழு ஆண்டுகள் கழித்து ஆயிரம் பேரோடு சிசிலியில் இறங்கப்போகிறோம் என்பது அந்த வரிகளில் எங்கும் இல்லை. இருக்கவும் முடியாது. அதுதான் கடிதத்தின் மதிப்பு.

இனி வாளும் தொலைநோக்கியும். ‘காமன்வெல்த்’ என்ற அமெரிக்கக் கொடிக் கப்பலின் தலைவராகக் கரிபால்டி 1854 பிப்ரவரியில் லண்டன் வந்தார். அங்கிருந்து ஜெனோவாவுக்கு நிலக்கரி ஏற்றுவதற்காக மார்ச் மாதம் இங்கிலாந்தின் வடகிழக்கே டைன் ஆற்றுத் துறைமுகத்துக்குப் போனார். நிலக்கரிச் சுரங்கங்களும் கப்பல் கட்டும் பட்டறைகளும் நிறைந்த ஊர்ப்பக்கம் அது. நகரப் பெரியவர்கள் விருந்துக்கு அழைத்தார்கள், மறுத்துவிட்டார். ஆனால் தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. பென்னி பென்னியாகச் சந்தா திரட்டினார்கள். தீவிர அரசியல் சீர்திருத்தம் கோரிய ஜோசப் கோவன் என்ற இளைஞர் முன்னின்றார். ஏப்ரலில் சவுத் ஷீல்ட்ஸில் நின்ற கப்பலுக்கே ஒரு குழு போய், தங்கப் பிடி போட்ட வாளையும் ஒரு தொலைநோக்கியையும் கரிபால்டியிடம் கொடுத்தது. வாளில் இப்படிப் பொறித்திருந்தார்கள்: ‘ஐரோப்பிய விடுதலையின் நண்பர்களான டைன்சைடு மக்கள் தளபதி கரிபால்டிக்கு அளித்தது, நியூகாசில், ஏப்ரல் 1854’.

கொடுத்தவர்களின் தேர்வை நான் மிகவும் மதிக்கிறேன். வாள் போதும் என்று நின்றிருக்கலாம். அவர்களுக்கு முன்னால் நின்ற மனிதர் நிலக்கரிக் கப்பலின் தலைவர். தொலைநோக்கி அவருடைய அன்றாடத் தொழிலுக்குத் தேவையான கருவி. கப்பலைத் தெரிந்த ஊர் மக்களுக்குத்தான் அது தோன்றும். அவர் அப்போது எந்தப் படைக்கும் தளபதி இல்லை, எந்த அரசுக்கும் வேண்டியவர் இல்லை. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு உலகத் தலைவர்கள் அவருக்கு அனுப்பிய பரிசுகளுக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்! நன்றிக் கடிதத்தில் கரிபால்டி, நியாயமான ஒரு காரணத்துக்காக இங்கிலாந்துக்கு என் கை தேவைப்பட்டால் இந்த வாளை உருவுவேன் என்று எழுதினார். அவருடைய பேரன், அதே பெயர் கொண்ட இரண்டாம் ஜூசெப்பே கரிபால்டி, தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டன் தரப்புத் தொண்டராக இந்த வாளை ஏந்திப் போனார். போயர்களின் குடியரசுகளுக்கு எதிராக அந்த வாள் போனதை, கொடுத்த தொழிலாளர்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நான் பல முறை யோசித்ததுண்டு.

1854 மே மாதம் ஜெனோவா. அடுத்த ஆண்டு சகோதரர் ஃபெலிசே இறந்து, வந்த பங்குப் பணத்தில் கப்ரேராவில் பாதி நிலத்தை வாங்கினார். அத்தோடு நெடுங்கடல் தலைவர் வாழ்க்கை ஏறக்குறைய முடிகிறது.

உங்கள் இரண்டாவது கேள்வி, எவ்வளவு நம்பலாம் என்பது. பிற்காலப் பொருள்களில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 1862 ஆகஸ்ட் 29இல் தென் இத்தாலியின் அஸ்ப்ரோமொன்தே மலையில் நடந்த மோதலில் அவருடைய வலது கணுக்காலில் குண்டு பாய்ந்தது. அந்தக் காலணி ரோமில் விட்டோரியானோ கட்டடத்திலுள்ள ரிசோர்ஜிமென்டோ (இத்தாலிய ஒருங்கிணைப்பு இயக்கம்) மத்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் கதைக்கு மருத்துவர்களின் எழுத்துச் சாட்சி இருக்கிறது. குண்டு உள்ளே இருக்கிறதா என்று மருத்துவர்கள் மூன்று மாதம் வாதிட்டார்கள். பிரெஞ்சு மருத்துவர் நெலத்தோன் நுனியில் மெருகிடாத பீங்கான் பொருத்திய ஒரு சலாகையைச் செய்து, அதில் ஈயத்தின் கறை படிவதைக் காட்டினார். நவம்பர் 23இல் மருத்துவர் சான்னெத்தி குண்டை எடுத்தார். இப்படி நாளும் ஆளும் இடமும் பொருந்தி வரும் பொருளை நம்பலாம்.

சிவப்புச் சட்டைகள் அப்படியல்ல. அவரோடு போரிட்ட ஆயிரக்கணக்கானவர்களும் அதைத்தான் அணிந்தார்கள். ‘கரிபால்டியின் சட்டை’ என்பது ‘கரிபால்டிப் படைச் சட்டை’யாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1864இல் அவர் லண்டன் வந்தபோது எழுந்த ஆரவாரத்தில் பீங்கான் பொம்மைகளும் படங்களும் கடை கடையாக விற்றன. கையெழுத்திட்ட புகைப்பட அட்டைகள் ஏராளம்; கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக்கொடுத்தார். முதுமையில் கீல்வாதம் விரல்களை முடக்கியபோது, பாசோ போன்ற செயலாளர்கள் எழுதிய கடிதங்களில் கையெழுத்து மட்டும் போட்டார். எனவே 1870களின் கடிதம் ஒன்றில் கடிதத்தை எழுதிய கையும் கையெழுத்திட்ட கையும் வேறாக இருந்தால் உடனே போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். மாறாக, அந்தக் காலக் கடிதம் முழுவதும் தெளிவான, உருண்டையான கையில் அவரே எழுதியது என்று யாராவது விற்க வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

நேரில் பார்க்க விரும்பினால் கப்ரேராவின் வெள்ளை வீடு இன்று அரசு அருங்காட்சியகம். தென்னமெரிக்கப் பண்ணை வீடுகளின் பாணியில் அவர் கட்டியது. 1882 ஜூன் 2 மாலை அவர் இறந்த நேரத்தில் கடிகாரத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மெயூச்சியின் வீடும் ஸ்டேட்டன் தீவில் அருங்காட்சியகமாக நிற்கிறது. டைன்மவுத்தில் அவர் சில நாள் தங்கிய ஹண்டிங்டன் பிளேஸ் வீட்டில் நினைவுப் பலகை இருக்கிறது. பயணம் போக முடியாதவர்களுக்கு, இத்தாலியில் 1973 முதல் வெளிவரும் அவருடைய கடிதங்களின் தேசியப் பதிப்பு நூலகங்களில் கிடைக்கிறது. இத்தாலிய மொழி தெரிந்தால், 1850களின் கடிதங்கள் அடங்கிய தொகுதியிலிருந்து தொடங்குங்கள். சரக்கு, சம்பளம், பிள்ளைகளின் படிப்பு, நண்பர்களிடம் நலம் விசாரிப்பு என்று கப்பல் தலைவரின் குரலை நேராகவே கேட்கலாம்.